எல்லாரும் அசையாம நில்லுங்க!

"சம்பளத்துல லோன் பிடிச்சுட்டீங்க. பாக்கி மட்டும் அப்படியே நிக்குது. என் காசை யார் சார் தின்னது?"

டிரைவர் அண்ணன் கேட்டபோது காலை பத்து மணி. அவருக்குப் பின்னால் லோன் வாங்கிய இன்னும் நாற்பது பேர். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

முதல் நாள்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரின் டிஸ்க் மண்டையைப் போட்டிருந்தது. "க்ளவுடுல தினமும் பேக்கப் போகுது, கவலையே படாதீங்க" என்று மானேஜர் எதிரில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டவன் அடியேன். தினமும் பச்சை எழுத்தில் 'சக்ஸஸ்' வரும். ஃபைல்கள் எல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்தன. கணக்குதான் வரவில்லை!

நடந்தது இதுதான். ராத்திரி 11 மணிக்கு லோன் ஃபைல் காப்பியாகி மேலே போய்விட்டது. 11.30-க்கு மாசக் கடைசி ப்ரோகிராம் ஓடி, சம்பளத்தில் பிடித்து, லோனில் கழித்தது. 12 மணிக்குச் சம்பள ஃபைல் காப்பியானது. ஆக, லோன் பழசு, சம்பளம் புதுசு. தனித்தனியாக இரண்டும் யோக்கியம். சேர்த்து வைத்தால் பித்தலாட்டம்.

அமெரிக்காவில் 1904-ல் 'சர்க்கட்' என்று ஒரு கேமராவுக்கு பேடன்ட் வாங்கினார்கள். நீளமான குரூப் போட்டோவுக்காக மெதுவாகச் சுழலும். ஒரு கோடியில் நிற்கும் வால் பையன், கேமரா தன்னைத் தாண்டியதும் எல்லார் பின்னாலும் ஓடி மறு கோடியில் நின்றுகொள்வான். ஒரே போட்டோவில் இரண்டு தடவை விழுவான்! என் பேக்கப்பும் அந்த ஜாதிதான்.

இதற்கு மருந்து ஸ்னாப்ஷாட். 'அசையாம நில்லுங்க', ஒரே க்ளிக்! டேட்டா முழுவதையும் அப்போதே காப்பி அடிப்பதில்லை. அந்த நொடியைக் குறித்துக்கொள்ளும். ஒரு வகையில், பிறகு யாராவது ஒரு இடத்தை மாற்ற வந்தால், பழசை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் புதுசை எழுதவிடும். 'காப்பி ஆன் ரைட்' என்று பெயர். வேலையும் நிற்காது. க்ளவுடுக்கு மூன்று மணி நேரம் ஏறினாலும், ஏறுவது அந்த ஒரு நொடிதான்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. மெமரியிலிருந்து டிஸ்க்குக்கு இறங்காத சமாச்சாரம் ஸ்னாப்ஷாட்டில் விழாது. அமேசானின் ஈபிஎஸ் ஸ்னாப்ஷாட்டும் டிஸ்க்கில் எழுதியதை மட்டும்தான் பிடிக்கும். அதனால் க்ளிக்குக்கு முன்னால் டேட்டாபேஸிடம், "கையில இருக்கறதை எழுதிட்டு ஒரு செகண்ட் நில்லுப்பா" என்று சொல்ல வேண்டும். விண்டோஸில் விஎஸ்எஸ் என்ற வசதி இந்தத் தூது வேலையைச் செய்கிறது. கணக்கு நாலு டிஸ்க்கில் இருந்தால் நாலையும் ஒரே க்ளிக்கில் எடுக்க வேண்டும். ஈபிஎஸ்-ஸில் அந்த வசதி 2019-ல் வந்தது. அப்புறம், ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கிலேயே உட்கார்ந்திருந்தால் டிஸ்க்கோடு அதுவும் சங்குதான். வெளியே அனுப்பினால்தான் பேக்கப்.

அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது, கேஷியர் அம்மா எடுத்து வைத்திருந்த சம்பள ரிஜிஸ்டர் பிரிண்ட் அவுட். இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக டைப் அடித்தேன்.

இப்போது பச்சை எழுத்தை நம்புவதில்லை. மாதம் ஒரு தடவை பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, முதலில் டிரைவர் அண்ணன் கணக்கைத்தான் பார்க்கிறேன். அவரும் கதவோரம் வந்து எட்டிப் பார்ப்பார்.

"போட்டோவுல நான் ஒரு தடவைதானே சார் விழுந்திருக்கேன்?"