பிறருக்காக எரியும் விளக்கு

மோட்டார் வண்டியில் உள்ள விளக்குகளில் நமக்காக எரிகிறவை சில. பிறருக்காக எரிகிறவை சில. டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பல்புகள் முதல் வகையைச் சேர்ந்தவை. வேகம் எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு என்பதை வண்டி ஓட்டுகிறவனுக்கு மட்டும் அவை இரகசியமாகத் தெரிவிக்கும். திரும்பும்போது வண்டியின் மூலையில் மினுக்கி மினுக்கி எரிகிற மஞ்சள் விளக்கு இரண்டாவது வகை. பின்னால் வருகிறவரும் எதிரே வருகிறவரும் பார்த்து ஜாக்கிரதையாக இருப்பதற்காகவே அது எரிகிறது.

இந்த இரண்டு விளக்குகளின் ஸ்விட்சுகளும் நமது அம்பாஸிடர் காரில் ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றுக் கொண்டன. 1983-ம் வருஷத்தில் நமது தகப்பனார் வாங்கிய வண்டி அது. நாற்பது வருஷங்களுக்கு மேலாக ஓயாமல் அழுத்தியும் திருப்பியும் வந்தால் பித்தளைக்குக் கூடத்தான் அலுப்புத் தட்டும். அதற்காக யாரையும் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் வீட்டில் இந்தச் சம்பவம் வேறு விதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. "இதுதான் நல்ல சமயம். யாரிடமாவது தள்ளிவிட்டுச் சின்னதாக ஒரு புது வண்டி வாங்கிவிடுங்கள்" என்றாள் நமது சகதர்மிணி. "இண்டிகேட்டர் இல்லாவிட்டால் என்ன, அப்பா? கையை வெளியே நீட்டினால் போகிறது!" என்று சிரஞ்சீவி வேறு ஒரு வழி சொன்னான்.

வண்டியின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்று ஒரு கார் இருந்தது. அதன் மூன்றாவது வரிசையின் சாயலாகக் கல்கத்தாவுக்கு அடுத்த உத்தர்பாராவில், 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014-ம் வருஷம் வரையில் செய்யப்பட்டு வந்ததுதான் அம்பாஸிடர். 2017-ல் அதன் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கைமாறிற்று. இந்தப் பரம்பரையில் வந்த வண்டிக்கு ஒரு ஸ்விட்சு வாங்குவது என்றால் கடைக்குப் போய் "ஒன்று கொடு" என்று கேட்கிற காரியமல்ல. தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய காரியம்.

சிரஞ்சீவி சொன்ன கை யோசனை புதிதும் அல்ல, சட்ட விரோதமும் அல்ல. 1989-ம் வருஷத்துச் சாலை விதிகளில் கைச் சைகைகள் விவரமாகவே கூறப்பட்டிருந்தன. வலப்பக்கம் திரும்புவதற்கு வலக் கையை வெளியே நேராக நீட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்புவதற்கு அதே கையை நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழற்ற வேண்டும். பட்டப் பகலில் இதெல்லாம் சரிதான். ஆனால் இருட்டிய பிறகு கையை யார் பார்க்கப் போகிறார்கள்? அடை மழையில் கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டுவதற்கு எவ்வளவு வைராக்கியம் வேண்டும்!

நம்மைப் பொறுத்தமட்டில் வேறொரு காரணமும் இருந்தது. மாலை நாலரை மணிக்கு நமது பள்ளிக்கூடத்தின் வாசலை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும். நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் ஒரே சமயத்தில் ரஸ்தாவில் பாயும். அந்தச் சைக்கிள் வெள்ளத்தின் நடுவே நமது வண்டி வலப்பக்கம் திரும்பியாக வேண்டும். மழைக் காலத்தில் அந்த நேரத்துக்கே வானம் இருண்டுவிடுகிறது. அங்கே ஒவ்வொரு குழந்தையும் தன் பிராணனை நம்பி ஒப்படைப்பது அந்த ஒரு மஞ்சள் விளக்கிடந்தான்.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை செங்கற்பட்டில் ரயிலேறி எழும்பூரில் இறங்கினோம். புதுப்பேட்டை அங்கிருந்து கூப்பிடு தூரம். பழைய வண்டிகளைப் பிரித்து எலும்பு எலும்பாக விற்கிற பேட்டை அது. அங்கே சுற்றிவிட்டு ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் விசாரித்தோம். ஒரு கடைக்காரர் சர்வ சாதாரணமாக மேலும் கீழும் தட்டுகிற ஒரு ஸ்விட்சை எடுத்து நீட்டினார். "அறுபது ரூபாய், ஸார். டாஷ்போர்டுக்கும் இதுதான், இண்டிகேட்டருக்கும் இதுதான். பல்பையும் எல்.ஈ.டி.யாக மாற்றிவிடுங்கள், ஜொலிக்கும்!" என்றார்.

அந்த ஸ்விட்சில் ஒன்று வாங்கினோம். புதுப்பேட்டைக் குவியலில் அகப்பட்ட பழைய இண்டிகேட்டர் ஸ்விட்சு ஒன்றையும் காகிதத்தில் சுற்றிக் கொண்டு, ஊரிலே நமக்குத் தெரிந்த வயதான எலக்ட்ரீஷியனிடம் வந்து சேர்ந்தோம். அவரை ஊரார் எல்லாரும் 'பாய்' என்றுதான் அழைப்பார்கள்.

பாய் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "டாஷ்போர்டு லைட்டுக்கு இந்த அறுபது ரூபாய்ச் சாமானே போதும், ஸார். அது எரியாவிட்டால் உங்களுக்குத்தான் கஷ்டம். இண்டிகேட்டருக்கு இது உதவாது. நீங்கள் திரும்பி முடித்த பிறகும் இது பாட்டுக்கு எரிந்து கொண்டிருக்கும். பின்னால் வருகிறவன் அதை நம்பி மோசம் போய்விடுவான்" என்றார்.

அவர் சொன்னதன் தாத்பரியம் இதுதான்: ஸ்டியரிங் தண்டுடன் சேர்ந்து சுழலும் ஒரு சிறு முளை உண்டு. வண்டி திரும்பி முடிந்து சக்கரம் நேராக மீளும்போது, அந்த முளை இண்டிகேட்டர் ஸ்விட்சின் நாக்கைத் தட்டி அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். நாம் மறந்தாலும் வண்டி மறக்காது. தட்டுகிற ஸ்விட்சில் இந்த ஏற்பாடு இல்லை.

எல்.ஈ.டி. விஷயத்தையும் பாய் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். பழைய காலத்து ப்ளாஷருக்குள் மின்சாரம் பாய்ந்து சூடேறுவதனால்தான் தொடுமுனை சேர்ந்தும் பிரிந்தும் விளக்கு மினுக்குகிறது. ஒரு பக்கத்துக்கு 21 வாட் பல்பு இரண்டு. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து அவை இழுப்பது 3½ ஆம்பியர். எல்.ஈ.டி. இழுப்பது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்துக்கு ப்ளாஷர் சூடேறாது. அதையும் மாற்றியாக வேண்டும். பழைய முறையில் இன்னொரு சௌகரியமும் உண்டு. இரண்டில் ஒரு பல்பு போய்விட்டால் 'டிக்-டிக்' என்னும் தாளம் மாறிப் போய், நமக்கு உடனே சமாசாரம் தெரிந்துவிடும்.

பாய் முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றி வைத்தார். முன் சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டியரிங் சக்கரத்திலும் தண்டிலும் சாக்பீஸால் ஒரே கோடு கிழித்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினார். திரும்பப் பொருத்தும்போது அந்தக் கோடு பிசகினால் ஒரு பக்கத்து இண்டிகேட்டர் சீக்கிரம் அணையும்; மறு பக்கத்தது தாமதமாக அணையும்.

உள்ளே ஒயர்களின் கூட்டம். பாய்க்கு ஆங்கில எழுத்துத் தெரியாது. ஆனால் பழைய பிரிட்டிஷ் கார்களில் வழங்கி வந்த வர்ண பாஷை தலைகீழ்ப் பாடம். பச்சையில் சிவப்புக் கோடு இடப்பக்கத்து விளக்கு. பச்சையில் வெள்ளைக் கோடு வலப்பக்கத்து விளக்கு. வெளிர்பச்சையில் பழுப்புக் கோடு ப்ளாஷரிலிருந்து வருவது. நாற்பது வருஷத்துத் தூசியில் எல்லா வர்ணமும் ஏறக்குறைய ஒரே வர்ணமாகியிருந்தன. அவர் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகப் படித்தார்.

நமது பழைய ஸ்விட்சில் நாக்கு முறிந்திருந்தது. பித்தளைத் தகடுகள் நல்ல ஸ்திதியில் இருந்தன. புதுப்பேட்டை ஸ்விட்சில் நாக்கு திடமாக இருந்தது, தகடுகள் கரியாகியிருந்தன. பாய் இரண்டையும் பிரித்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆரோக்கியசாலியை உண்டாக்கிவிட்டார். இந்த வேலைக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

டாஷ்போர்டு விளக்கு கால் மணியில் முடிந்தது. அதற்குத் தனி ஸ்விட்சு எதற்கு என்று நாம் பலமுறை யோசித்ததுண்டு. காரணம் இல்லாமல் இல்லை. மனிதனுடைய கண் இருட்டுக்கு முழுதும் பழகுவதற்குச் சுமார் அரை மணி நேரம் பிடிக்கிறது. விளக்கில்லாத ரஸ்தாவில் எதிரே போகிற மாட்டையும் மனிதனையும் பார்ப்பதற்கு, முகத்துக்கு நேரே உள்ள வெளிச்சத்தைச் சற்று அணைத்து வைப்பது நல்லது. நமக்காக எரிகிற விளக்கு ரொம்பவும் பிரகாசித்தால் பிறர் நம் கண்ணில் படமாட்டார்கள்.

இக்காலத்து வண்டிகளில் விளக்குக்குப் பஞ்சமில்லை. விளக்கின் பாஷைதான் குழம்பிக் கிடக்கிறது. நாற்சந்தியில் நேரே போவதற்கு இரண்டு பக்கத்து விளக்குகளையும் ஒருங்கே மினுக்குகிறார்கள். ஓரத்தில் நிற்கிறவருக்கு அதில் ஒரு பக்கம்தான் தெரியும். வண்டி தம் பக்கம் திரும்பப் போகிறதென்று அவர் நினைத்துக் கொள்கிறார். முன்னால் போகும் லாரியின் வல விளக்கு மினுக்கினால், 'திரும்பப் போகிறேன்' என்பதா, 'நீ முந்திப் போ' என்பதா என்று ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கிறது. சொல்லாமல் திரும்புகிறவனிடம் ஜனங்கள் எச்சரிக்கையாகவாவது இருப்பார்கள். சொல்லிவிட்டு வேறு செய்கிறவனிடம் எச்சரிக்கைக்கும் இடமில்லை.

கூலி எண்ணூறு ரூபாய் ஆயிற்று. திங்கட்கிழமை மாலை மழை தூறிக் கொண்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் இண்டிகேட்டரை வலப்பக்கம் தள்ளினோம். எதிரே சைக்கிளில் வந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிரேக்கை அழுத்திக் காலை ஊன்றி நின்றாள். வாத்தியாராயிற்றே என்று அவள் நம் முகத்தைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் பார்த்தாள். நாம் திரும்பினோம். சக்கரம் நேரானதும் 'டக்' என்று ஸ்விட்சு தன் இடத்துக்கு வந்தது. அவள் பெடலை மிதித்துக் கொண்டு போய்விட்டாள்.

வண்டியை விற்பதா, வைத்துக் கொள்வதா என்னும் விவாதம் வீட்டில் இன்னும் முடிந்தபாடில்லை. விற்பதென்றே தீர்மானமானாலும், அந்த ஸ்விட்சு சரியாக வேலை செய்கிற நிலையில்தான் கொடுப்பதென்று நாம் முடிவு செய்திருக்கிறோம்.