தீபாவளிச் சாமான் வாங்குமுன் சில குறிப்புகள்

சிங்கப்பூர்த் தேக்காவில் பனியன் கட்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். திருப்பூர் சரக்கு. அளவு, பருத்தி, துவைக்கும் முறை எல்லாம் அட்டையில் உண்டு. தைத்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது இல்லை. தமிழரான நாம் இதைத் தெரியாதென்று சொல்லிக் கடந்துபோக முடியாது. விடிகாலையில் ஆலை வேன் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஊர்கள் நம் சொந்தக்காரர்களின் ஊர்கள்.

*

இளம்பெண்களை ஆலை வேலைக்குச் சேர்க்கும் ஒரு முறைக்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்தார்கள். மூன்று வருடம் நூற்பாலை விடுதியில் தங்கி வேலை. முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். உடம்புக்கு முடியாமல் நடுவில் நின்றால் அந்தப் பணம் கைக்கு வராமல் போன பெண்கள் பலர். 2011இல் நெதர்லாந்தின் சோமோ அமைப்பும் இன்னொரு அமைப்பும் இதை அறிக்கையாக வெளியிட்டன. உழைத்த கூலியைப் பிடித்துவைத்துச் சீர்போலத் தருவது கொடுமை. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

*

கோ-ஆப்டெக்ஸ் சேலைகள் சிலவற்றில் நெய்தவரின் பெயரும் படமும் கொண்ட அட்டை இருந்தது. நல்ல காரியம். கூலியையும் அதில் போட்டிருக்கலாம்.

*

“அப்படியானால் ஆலைத் துணியை வாங்காமல் விட்டுவிடலாமே” என்கிறார் தோழி. திண்டுக்கல்லை நினைத்துப் பார்க்கிறேன். நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளரின் தொல்லை இருந்தது என்றார்கள் குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும். பெண்கள் முன்னின்று நடத்தும் டிடிசியு தொழிற்சங்கம், துணி வாங்கும் நிறுவனங்களைப் பொறுப்பேற்க வைத்தது. 2022 ஏப்ரலில் எச் அண்ட் எம் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பிறகு கேப், பிவிஎச். ஆலைக்குள் தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் அதன் வியாபாரத்துக்கே பாதிப்பு. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கா அந்த ஆலையின் துணிக்குத் தடை போட்டது; ஆலையில் நடந்த திருத்தங்களைப் பார்த்துச் செப்டம்பரில் விலக்கிக்கொண்டது. வாங்குகிறவர்கள் ஒதுங்கிப் போயிருந்தால் அந்தப் பெண்களுக்கு வேலையும் இல்லை, பேச்சும் இல்லை. வாங்கிக்கொண்டே கேட்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

*

இங்கே, சிங்கப்பூரில்? எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடையாது. துப்புரவு, பாதுகாவல், சில்லறை விற்பனை போன்ற துறைகளில் படிப்படியான சம்பள உயர்வு முறை இருக்கிறது. அதைப் பின்பற்றும் நிறுவனங்களுக்கு ஒரு முத்திரையும் தருகிறார்கள். அந்த முத்திரை உள்ள கடைக்கு முதலில் போகிறேன், மனமாரப் போகிறேன். ஆனால் இந்தச் சம்பள முறை குடியுரிமையோ நிரந்தரவாசமோ உள்ள ஊழியருக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலை நிறைய நிற்கும் புதுக்கோட்டைத் தம்பிகளும் பங்களாதேஷ் ஊழியர்களும் அதில் சேர்த்தியில்லை. புதிதாக வருபவருக்கு நாளுக்கு 18 வெள்ளி, 20 வெள்ளி அடிப்படைச் சம்பளம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்குள்ள முகவர் வாங்கும் கட்டணத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. ஊரில் ஏஜென்டிடம் கட்டிய லட்சங்களுக்கு அந்த வரம்பு எட்டாது.

*

காயம்பட்டோ சம்பளப் பாக்கி வழக்கிலோ வேலையின்றி நிற்பவர்களுக்கு டிடபிள்யூசி2 அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவசச் சாப்பாடு கொடுத்துவருகிறது. இவர்கள் கட்டிய வீட்டில் நாம் குடியிருக்கிறோம். சட்டைக்குக் கேட்கும் கேள்வியைச் சுவருக்கும் கேட்க வேண்டாமா?

*

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும். மூன்று குத்தகைக்காரர்கள் விலை சொல்லியிருக்கிறார்கள். மிகக் குறைந்த விலைக்காரரிடம் கேட்க வேண்டியவை: ஆட்களுக்கு நாள்கூலி எவ்வளவு, மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கிறாரா, சம்பளச் சீட்டு தருகிறாரா. சீட்டு 2016 ஏப்ரலிலிருந்தே சட்டப்படி கட்டாயம். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மழுப்பினால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டியதுதான், இருநூறு முந்நூறு வெள்ளி கூடினாலும்.