உள்ளே இருந்த சிவப்பு ஜெர்சி

ஜான் டோஷாக் என்றதும் கால்பந்துப் பைத்தியங்கள் ரியால் மாட்ரிடிலிருந்து ஆரம்பிப்பார்கள். 1989-90 சீசனில் அவர் பயிற்சியில் அந்த அணி லா லீகாவில் 107 கோல் போட்டுக் கோப்பையை வென்றது. ஹ்யூகோ சாஞ்சஸ் மட்டும் 38. அடுத்த சீசன் நவம்பரிலேயே டோஷாக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய க்ளப்களின் புத்தி அப்படித்தான். எனக்கு அவர் நினைவுக்கு வருவது அதற்கெல்லாம் எட்டு வருடம் முந்தைய ஒரு சனிக்கிழமையில்.

டோஷாக் வேல்ஸின் கார்டிஃப் நகரத்துப் பிள்ளை. பதினாறு வயதில் கார்டிஃப் சிட்டிக்காக இறங்கினார். 1970 நவம்பரில் லிவர்பூலின் மேனேஜர் பில் ஷாங்க்லி 1,10,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கினார். வந்த சில நாட்களிலேயே உள்ளூர்ப் பங்காளி எவர்டனுடன் ஆட்டம். 2-0 என்று பின்தங்கியிருந்த லிவர்பூல் 3-2 என ஜெயித்தது. சமன்செய்த கோல் டோஷாக் தலையால் முட்டியது. பிறகு கெவின் கீகனோடு ஜோடி. நடுவில் ஒரு கவிதைத் தொகுப்புகூடப் போட்டார். கவிதைகள் பிரமாதம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இருந்தாலும், தொகுப்பு போட்ட சென்டர் ஃபார்வர்ட் எத்தனை பேர், சொல்லுங்கள்?

1978இல், இருபத்தெட்டு வயதில், ஸ்வான்சி சிட்டிக்கு ஆடிக்கொண்டே மேனேஜராகவும் போனார். கார்டிஃப்காரனுக்கு ஸ்வான்சி என்றால் ஜென்மப் பகை. க்ளப் அப்போது நான்காம் டிவிஷனில் கிடந்தது. தன்னோடு ஆடிய லிவர்பூல் கிழங்களை, டாமி ஸ்மித், இயன் கல்லகன் என்று, ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார். நான்கு சீசனில் மூன்று முறை மேலே ஏறி, 1981 ஆகஸ்ட்டில் முதல் டிவிஷனின் முதல் ஆட்டம். லீட்ஸ் யுனைடெட்டை 5-1 என்று அடித்தார்கள். பாப் லாட்ச்ஃபோர்டுக்கு ஹாட்ரிக்.

அடுத்த மாதம், செப்டம்பர் 29, ஷாங்க்லி இறந்துபோனார். அக்டோபர் 3 அன்று ஸ்வான்சிக்கு ஆட்டம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில்.

ஆட்டத்துக்கு முன் மௌன அஞ்சலி. எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். டோஷாக் தன் ஸ்வான்சி ட்ராக்சூட்டைக் கழற்றினார். உள்ளே லிவர்பூலின் சிவப்பு ஜெர்சி.

ஆட்டம் 2-2. ஸ்வான்சி 2-0 என முன்னால் இருந்து விட்டுக்கொடுத்தது. அந்த சிவப்பு ஸ்வான்சி ஆட்களில் சிலருக்கு உறுத்தியது. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 'சம்பளம் எங்களது, சட்டை அவங்களோடதா?' என்று கேட்க எனக்கே தோன்றியிருக்கும். அவர் அணியை ஏமாற்றினாரா என்றால், அந்த சீசனில் ஸ்வான்சி ஆறாவது இடம். அடுத்த வருடமே கீழே இறங்கியது. 1983 அக்டோபரில் ராஜினாமா செய்து, டிசம்பரில் திரும்பி வந்து, மார்ச்சில் வேலை போனது. அப்புறம் லிஸ்பன், சான் செபாஸ்டியன், மாட்ரிட், இஸ்தான்புல், காசாபிளாங்கா. ஒரு மனிதன் எத்தனை சட்டை மாற்றுவது!

நான் மாற்றியது ஒன்றே ஒன்று. ஒரு பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். என் காப்பியில் 'பிரமாதமான' என்று வருமிடமெல்லாம் சிவப்புப் பேனாவால் அடிப்பார். "ஸ்கோர சொல்லு தம்பி. பிரமாதமா இல்லையான்னு படிக்கிறவன் பாத்துக்குவான்." ஐந்து வருடம் அவரிடம் இருந்துவிட்டு, ஏறக்குறைய இரண்டு மடங்கு சம்பளத்துக்குப் போட்டிப் பத்திரிகைக்குத் தாவினேன். சொன்னபோது அவர் ப்ரூஃபிலிருந்து தலையை எடுக்கவில்லை. "போயிட்டு வா" என்றார். அப்புறம் நான் போகவே இல்லை.

அவர் இறந்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. புது ஆபீஸில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை பிடிபடவில்லை, கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். அவருடைய தெருமுனையில் வண்டியை நிறுத்தி, கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பேன்ட் பாக்கெட்டில் திணித்தேன். ஷாமியானாவுக்குக் கீழே பழைய ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒருவர் நகர்ந்து நாற்காலி கொடுத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

கிளம்பும்போது சாரின் மகள் வாசலில் நின்றிருந்தார். என்னை அவருக்குத் தெரியாது.

"நீங்க அப்பாவோட ஆபீஸா?"

"ஆமா" என்றேன்.