யெராஸ்கில் திரும்பும் சாலை

அர்மீனியாவைக் காரில் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: யெரெவானிலிருந்து முதலில் தெற்கே போங்கள். சுற்றுலா வேன்கள் கார்னி கோயிலுக்கும் கெகார்ட் குகை மடத்துக்கும்தான் முதலில் கூட்டிப்போகும். இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள், சந்தேகமில்லை. ஆனால் இந்த நாடு ஏன் இப்படி இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது எம்-2 என்ற தெற்கு நெடுஞ்சாலையில்தான். மேற்கே துருக்கியுடனான எல்லை 1993 முதல் மூடிக்கிடக்கிறது. கிழக்கே அஜர்பைஜானுடன் போர்களின் எல்லை. வடக்கே ஜார்ஜியா, தெற்கே ஈரான், இந்த இரண்டு பக்கம்தான் வாசல். தமிழ்நாட்டின் பரப்பில் கால்பங்குகூட வராத ஒரு மலைநாட்டுக்கு, ஈரானை நோக்கி ஓடும் அந்தச் சாலை உயிர்நாடி.

வண்டி எடுப்பதில் சிரமம் எதுவும் இருக்கவில்லை. பாஸ்போர்ட், ஊரிலேயே வாங்கிவைத்த சர்வதேச ஓட்டுநர் உரிமம், கிரெடிட் கார்டில் ஒரு முன்பணம். சாவியை வாங்குவதற்கு முன் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு கீறலையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டோம். ஸ்டியரிங் இடப்பக்கம், போக்குவரத்து வலப்பக்கம். நம்மூரில் ஓட்டியவருக்கு முதல் ரவுண்டானாவில் மட்டும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஊரைத் தாண்டினால் கை பழகிவிடுகிறது. பல கார்கள் அங்கே எரிவாயுவில்தான் ஓடுகின்றன. எரிவாயு நிரப்பும்போது உள்ளே யாரும் உட்காரக்கூடாது என்பதால், நிலையத்துக்கு வெளியே குடும்பம் குடும்பமாக இறங்கி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் அது ஒரு சின்னத் திருவிழா மாதிரி இருந்தது.

யெரெவானைத் தாண்டியதும் சமவெளி. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள், ஆப்ரிகாட் மரங்கள். வலப்பக்கம் அரராத். 5,137 மீட்டர் உயரம், உச்சியில் எப்போதும் பனி. சமவெளியிலிருந்து நேராக எழுவதால், ஊடே வேறு மலைகள் எதுவும் மறைப்பதில்லை. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கூடவே வருகிறது. அர்மீனியாவின் அரசுச் சின்னத்தில் இருக்கும் மலை இது. ஆனால் 1921இல் மாஸ்கோவிலும் கார்ஸிலும் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்குப் பிறகு நிற்பது துருக்கி மண்ணில். “கொஞ்சம் நிறுத்துங்க” என்று மனைவி சொல்ல, நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் மறுபடி சொன்னாள், மறுபடி நிறுத்தினேன். வாடகைக் காருக்குக் கொடுத்த பணம் முழுக்க இதற்கே தகும் என்று நினைத்தேன்.

கோர் விராப் மடம் எல்லையோரத்தில் ஒரு சிறு குன்றின்மேல் இருக்கிறது. எதிரே தெரியும் காவல் கோபுரங்கள் எல்லையுடையவை. அராஸ் ஆறுதான் எல்லைக்கோடு. கிரிகோர் என்ற துறவியை மன்னர் திர்தாத் இங்கே ஒரு பாதாளக் குழியில் பதின்மூன்று ஆண்டுகள் அடைத்துவைத்தார், பின்பு நோயுற்ற மன்னரைக் குணப்படுத்த அதே துறவியை வெளியே எடுத்தார்கள், மன்னர் மதம் மாறினார் என்பது மரபு. கி.பி. 301இல் கிறிஸ்தவத்தை அரச மதமாக ஏற்ற முதல் நாடு என்று அர்மீனியர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வதன் வேர் இந்தக் குழி. தேவாலயக் கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உள்ளே தரையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம், அதில் செங்குத்தாக இரும்பு ஏணி. ஆறு மீட்டர் இறங்கினால் அடியில் வட்டமான அறை, மெழுகுவத்திப் புகை, மேலே காத்திருப்பவர்களின் செருப்புச் சத்தம். அகலமான தோள் உள்ளவர்கள் யோசித்து இறங்க வேண்டும். இந்தக் குன்றுகளில்தான் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் அர்த்தஷாத் என்ற தலைநகரம் இருந்தது. ரோமாபுரியிடம் தோற்று அலைந்த ஹன்னிபால்தான் அந்த இடத்தை மன்னருக்குத் தேர்ந்து கொடுத்தார் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். மடத்துக்கு வரும் கூட்டத்தில் அந்தக் குன்றுகள் பக்கம் யாரும் போகவில்லை.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் யெராஸ்க். வரைபடத்தைப் பார்த்தால் சாலை ஆற்றோரமாக நேரே தென்கிழக்கே போக வேண்டும். நிலத்தின் சரிவும் அப்படித்தான் சொல்கிறது. சோவியத் காலத்தில் ரயிலும் லாரிகளும் அப்படியே நக்சிவானுக்கும், அதற்கப்பால் ஜுல்பாவுக்கும் போயின. இப்போது அந்த வழி இல்லை. நக்சிவான் அஜர்பைஜானின் பகுதி. 1990களின் தொடக்கத்தில் வந்த போரோடு பாதை அடைபட்டது. நெடுஞ்சாலை சமவெளியை விட்டு இடப்பக்கம் திரும்பி மலைக்குள் ஏறிவிடுகிறது. சுற்றுலா வேனில் தூங்கிக்கொண்டு வருகிறவருக்கு இது ஒரு வளைவு, அவ்வளவுதான். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு மட்டும், தான் எங்கே போக முடியவில்லை என்பது கையில் தெரிகிறது.

அந்த வளைவில் வண்டியை ஓரங்கட்டி நின்றேன். காரணம், நேரே போக முடியாத அந்தச் சாலையில் இருந்த ஜுல்பாவுக்கும் எங்கள் சென்னைக்கும் உறவு உண்டு. 1604இல், ஒட்டோமான் படை வருமுன் ஊரை வெறுமையாக்க நினைத்த பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்பாவின் அர்மீனியர்களைக் கூண்டோடு கிளப்பி இஸ்ஃபஹானுக்குக் கொண்டுபோனார். அங்கே அவர்கள் புது ஜுல்பா என்று ஒரு குடியிருப்பை உண்டாக்கினார்கள். அதன் வணிகர்கள் பட்டும் மணிகளும் சுமந்து ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை போனார்கள், மெட்ராஸுக்கும் வந்தார்கள். அடையாற்றின் குறுக்கே 1726இல் சைதாப்பேட்டைப் பாலத்தைத் தன் பணத்தில் கட்டிய கோஜா பெட்ரஸ் உஸ்கான் புது ஜுல்பாவில் பிறந்தவர். பாரிமுனையில் அர்மீனியன் தெருவும் 1772இல் எழுந்த அர்மீனியத் தேவாலயமும் இன்றும் இருக்கின்றன. பழைய ஜுல்பாவில் மிஞ்சியது ஆற்றங்கரை இடுகாடு, அதில் ஆயிரக்கணக்கான கச்கார்கள், அதாவது சிலுவை செதுக்கிய நெடுங்கற்கள். 2005 டிசம்பரில் ராணுவ உடுப்பில் ஆட்கள் அந்தக் கற்களை உடைத்து ஆற்றில் தள்ளுவதை அக்கரையில் ஈரானிலிருந்து படம் பிடித்திருக்கிறார்கள். அஜர்பைஜான் மறுக்கிறது. செயற்கைக்கோள் படங்களில் அந்த இடம் இன்று வெறும் தரை.

மலை ஏறி இறங்கினால் அரேனி. சாலையோரக் கடைகளில் திராட்சை ரசத்தை கோலா பாட்டில்களில் ஊற்றி வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஈரானுக்குத் திரும்பும் லாரிக்காரர்கள் எல்லையில் பிடிபடாமல் கொண்டுபோக இந்த ஏற்பாடு என்று சொல்கிறார்கள். ஈரானியப் பதிவெண் லாரிகள் நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கின்றன. ஏற்றத்தில் ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த அவசரப்படாதீர்கள், அடுத்த வளைவில் எதிரே இன்னொன்று வரும். அர்ப்பா ஆற்றோரத்தில் இருக்கும் குகையில்தான் ஆறாயிரம் ஆண்டுப் பழமையான திராட்சை பிழியும் தொட்டியும் சாடிகளும் கிடைத்தன. ஒற்றை மாட்டுத்தோலில் செய்த, 5,500 ஆண்டுப் பழமையான ஒரு செருப்பும் கிடைத்தது. வலது கால். உள்ளே புல் திணித்திருந்தது. அதை யெரெவானில் உள்ள அர்மீனிய வரலாற்று அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கயிறு கோத்த துளைகள்கூட அப்படியே இருக்கின்றன.

குகைக்குப் பக்கத்திலேயே நோராவாங்க் பள்ளத்தாக்கு திறக்கிறது. இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர்கள் நெருங்கி வந்து, வானம் ஒரு நாடா அளவுக்குச் சுருங்குகிறது. சில கிலோமீட்டர் போனதும் பள்ளத்தாக்கு விரிய, மேலே ஒரு திட்டில் மடம், பாறையின் அதே நிறத்தில். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் மங்கோலியருக்குக் கட்டுப்பட்டு இந்தப் பகுதியை ஆண்ட ஓர்பெலியன் குலத்தாரின் இடம் இது. 1339இல் முடிந்த மேல்தளத் தேவாலயத்துக்கு ஏறும் படிகள் முகப்புச் சுவரிலிருந்தே துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஓர் அடி வைக்கும் அகலம், பிடிக்கக் கம்பி கிடையாது. ஏறியவர்கள் இறங்கும்போது சுவரைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்குகிறார்கள். நானும் அப்படியே இறங்கினேன்.

பழைய தேவாலயத்தின் முன்மண்டப வாசலுக்கு மேலே பிதாவாகிய கடவுளையே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அர்மீனியச் சிற்பத்தில் அரிதிலும் அரிது. நீண்ட தாடி, பாதாம் வடிவக் கண்கள்; ஆளவந்த மங்கோலியரின் முகச்சாயல் தெரிகிறது என்பார்கள். இங்கே வேலை செய்த மோமிக் சிற்பி மட்டுமல்ல, சுவடிகளில் சிற்றோவியம் தீட்டியவரும்கூட. அவருடைய 1308ஆம் ஆண்டு கச்கார் இங்கேதான் இருக்கிறது. கல்லை ஊசிநூல் வேலையாக்கியிருக்கிறார். பின்னலுக்குப் பின்னால் இன்னொரு பின்னல், விரல் நுழையும் ஆழத்தில். அதைவிட என்னை நிறுத்தியவை சுவர் நிறைய இருக்கும் எழுத்துகள். யார் எந்தத் திராட்சைத் தோட்டத்தை மடத்துக்குக் கொடுத்தார், அதற்கு ஈடாக ஆண்டில் எத்தனை முறை அவர் பேரில் பூசை நடக்க வேண்டும் என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். நிலக்கொடையும் விளக்கெரிக்கும் பொறுப்பும் எழுதிய சோழர் காலச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த வழக்கம் அன்னியமாகத் தெரியவில்லை. எழுத்து தெரியாமலே எதைப் படிக்கிறேன் என்று புரிந்தது.

இரவு யெகெக்னாட்சோரில் ஒரு வீட்டில் தங்கினோம். வீட்டுக்கார அம்மாள் ஓய்வுபெற்ற ஆசிரியை. லவாஷ் ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, கீரைக்கட்டு, முசுக்கட்டைப் பழத்தில் காய்ச்சிய சாராயம். எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றதும் முகத்தில் ஒன்றும் இல்லை. மெட்ராஸ் என்றேன்.

“மெட்ராஸா! அஸ்தாரார்!” என்று எழுந்தேவிட்டார்.

அர்மீனிய மொழியின் முதல் பத்திரிகை ‘அஸ்தாரார்’. 1794இல் அதை அச்சிட்டது சென்னையில், ஷிராஸிலிருந்து வந்த ஹாருத்யூன் ஷ்மாவோனியான் என்ற பாதிரியார். அவர் கல்லறை அர்மீனியன் தெருத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. அதற்கும் முன்பே, சொந்த நாடு இல்லாத அர்மீனியர்களுக்காக ஓர் அரசியல் சட்டத்தை எழுதி மெட்ராஸில் அச்சிட்டது ஷாஹாமீரியான் குடும்பம். மன்னர் இல்லை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றம்! “பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தத் தெரு இன்னும் இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அங்கே அர்மீனியர்கள்தான் அநேகமாக இல்லை என்று சொன்னேன். என் செல்போனில் தேவாலய மணிக்கூண்டின் படத்தைத் தேடிக் காட்டினேன். தன் மகளுக்கு அனுப்பச் சொல்லி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் வடக்கே திரும்பி செலிம் கணவாய் ஏறினோம். 2,410 மீட்டர். பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள், நாங்கள் போனபோது புல்வெளியெங்கும் பூ. உச்சிக்குச் சற்று முன்னால், மலைச்சரிவோடு ஒட்டி, கருங்கல் பலகைக் கூரையோடு ஒரு நீளக் கட்டடம். 1332இல் செசார் ஓர்பெலியன் கட்டிய வணிகர் சத்திரம். வாசலில் ஒரு பக்கம் சிறகுள்ள விலங்கு, மறுபக்கம் காளை. அர்மீனியக் கல்வெட்டும் உண்டு, பாரசீகக் கல்வெட்டும் உண்டு. வருகிறவர்கள் இரண்டு மொழிக்காரர்கள் என்று கட்டியவருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே கும்மிருட்டு. கூரைத் துவாரங்களிலிருந்து மட்டும் வெளிச்சம் விழுகிறது. நடுவில் அகலமான வழி, தூண்களுக்கு இடையில் மாட்டுக்கும் குதிரைக்கும் கல்தொட்டிகள். கண் பழகியதும், சுவரின் கரி எந்த நூற்றாண்டு அடுப்புடையதோ என்று தொட்டுப் பார்த்தோம். இரவல் போர்வையும் வைக்கோலும் விலங்குகளின் மூச்சுச் சூடும் சேர்ந்து இந்த உயரத்தில் ஓர் இரவைக் கடத்த வைத்திருக்கும். அர்மீனியாவில் நான் பார்த்த எந்தத் தேவாலயத்தையும்விட இந்தச் சத்திரத்தை மேலாக வைப்பேன். நுழைவுச்சீட்டு இல்லை, காவலர் இல்லை, கதவும் இல்லை.

கணவாய்க்கு அப்பால் செவான் ஏரியின் கரையோரமாக நோராதுஸ். நூற்றுக்கணக்கான கச்கார்கள் நிற்கும் இடுகாடு. ஜுல்பா அழிந்தபின் மிஞ்சியவற்றில் இதுவே பெரியது. பாசி படிந்த கற்களில் ஏர் உழுகிறவர், கல்யாணப் பந்தி, குதிரைமேல் வீரர். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. பின்னல் கையுறைகளை விற்கும் பாட்டிகள் கற்களுக்கு நடுவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஊரின் இடுகாடு இது. இப்போதும் பக்கத்திலேயே புதைக்கிறார்கள்.

செவானைப் பற்றி ஒன்று மட்டும். கடல்மட்டத்துக்கு 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஏரியின் நீரை சோவியத் ஆட்சியில் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் எடுத்து எடுத்து, மட்டம் 20 மீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது. 874இல் ஒரு தீவில் எழுந்த செவானாவாங்க் மடத்துக்கு இப்போது காரிலேயே போகலாம், தீவு தீபகற்பமாகிவிட்டது. இழப்பை ஈடுகட்ட, நாங்கள் ஆற்றோரம் தங்கிய அதே அர்ப்பாவின் நீரை, நாங்கள் ஏறி இறங்கிய அதே மலைத்தொடருக்கு அடியில் 48 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டி ஏரிக்குக் கொண்டுவந்தார்கள். 1981இல் அது ஓடத் தொடங்கியது. இப்போது மட்டம் ஓரளவு ஏறியிருக்கிறது. வற்றிய கரையில் நட்ட மரங்கள் சில இடங்களில் தண்ணீருக்குள் நிற்கின்றன. நீர் உயர உயர, அந்தக் கரையில் கட்டிய விடுதிகளையும் உணவகங்களையும் அகற்ற வேண்டியிருக்கும். கட்டியவர்கள் விட மனமில்லாமல் இருக்கிறார்கள். ஏரி ஏறட்டும், அவர்கள் நகரட்டும் என்பது என் கட்சி.