அப்பாவின் ஃப்ளாஷும் ஒரு மல்டிமீட்டரும்

1/ சற்றே நீண்ட த்ரெட். வழக்கமான மருத்துவப் பதிவு இல்லை, ஆனால் மருத்துவமும் வரும். வீட்டுப் பரணில் பழைய கேமரா ஃப்ளாஷ் வைத்திருப்பவர்கள் அவசியம் கடைசி வரை படிங்க.

2/ அப்பா பள்ளி ஆசிரியர். கல்யாணம், காதுகுத்து என்று சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் படம் எடுப்பது அவர்தான். அவர் போன பிறகு பீரோவை ஒழித்தபோது ஃபிலிம் கேமராவோடு அவருடைய ஃப்ளாஷும் கிடைத்தது. சுவர்க்கடிகாரத்துக்குப் போடுற பேட்டரி நாலு வாங்கிப் போட்டேன். ‘கீஈஈ’ என்று அதே பழைய சத்தம். கொஞ்ச நேரத்தில் சின்ன விளக்கு எரிந்தது. எனக்குக் கண் கலங்கிடுச்சு.

3/ அந்த வாரம்தான் அம்மாவுக்கு 70 வயசு முடியுது. அப்பா ஃப்ளாஷ் வெளிச்சத்திலேயே அம்மாவைப் படம் எடுக்கணும்னு ஆசை. என் டிஜிட்டல் கேமரா மேலே மாட்டப் போனேன். கச்சிதமாகப் பொருந்துது. ஆபத்தே அங்கேதான்.

4/ ரத்தப் பையும் குழாயும் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அதற்காக கிராஸ்மேட்ச் பார்க்காமல் ஏற்றிவிடுவோமா? மாட்டோம் இல்லையா. இதுவும் அதே கதைதான்.

5/ பழைய ஃபிலிம் கேமராவில் ஷட்டர் திறக்கும்போது இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடும். அவ்வளவுதான் ஸ்விட்ச். 200, 300 வோல்ட் வந்தாலும் அது பெரும்பாலும் தாங்கிடும். இன்றைய கேமராவில் அந்த வேலையைச் செய்வது எலக்ட்ரானிக் பாகம். அதன் எல்லையைத் தாண்டினால் கருகிவிடும். முதல் படம் நல்லா வந்துடுச்சே என்று நம்பவும் முடியாது.

6/ அதனால் முதலில் அளந்து பாருங்க. ஃப்ளாஷைக் கேமராவில் மாட்டாமல், புது பேட்டரி போட்டு முழுசா சார்ஜ் ஆக விடுங்க. மல்டிமீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட்டில் வையுங்க. சிவப்பு முனை ஃப்ளாஷ் அடியில் இருக்கும் நடுப்புள்ளியில், கறுப்பு முனை பக்கவாட்டு உலோகத்தில். விரல் உலோகத்தில் படவே கூடாது. மீட்டர் பழக்கமில்லை என்றால் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்க.

7/ எவ்வளவு இருக்கலாம்? இதற்கான ஐஎஸ்ஓ 10330 தரம் 24 வோல்ட் என்கிறது. நிக்கான் மேனுவல்களில் எல்லை 250 வோல்ட். தொடக்ககால டிஜிட்டல் கேமராக்கள் சிலவற்றுக்கு 6 வோல்ட்தான். உங்கள் கேமரா மேனுவல் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு. மாடல் பெயரை மட்டும் நம்பாதீங்க. விவிடார் 283-ஐயே எடுத்துக்கோங்க. ஜப்பானில் தயாரான பழையவற்றில் வோல்டேஜ் ரொம்ப அதிகம், பிறகு கொரியாவில் வந்தவற்றில் மிகக் குறைவு. பெயர் ஒன்றுதான்.

8/ அப்பாவுடையது காட்டியது 268. மேனுவலில் என் கேமராவின் எல்லை 250. மனசு உடைஞ்சு போச்சு.

9/ அடுத்த நாள் ட்யூட்டி முடிந்து வந்தால், என் பையன் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கான். "உள்ளே ஒரு பார்ட் மாத்தினா வோல்டேஜ் குறையும்ப்பா, வீடியோல காட்டினாங்க. பயப்படாதீங்க, பேட்டரியைக் கழட்டிட்டேன்." நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

10/ ஏன் கத்தினேன் தெரியுமா? பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் காலியாகாது. டெஸ்ட் பட்டனை அழுத்தி ஒரு முறை அடித்தாலும் மிச்சம் இருக்கும். 330 வோல்ட்டில் சார்ஜ் ஆன 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றில் சுமார் 54 ஜூல் இருக்கும். இதயம் துடிப்பு தப்பி நின்றுபோன 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு டிஃபிப்ரிலேட்டரில் நாங்கள் முதலில் கொடுக்கும் ஷாக் 40 ஜூல்!

11/ டிஃபிப்ரிலேட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. மெதுவாகச் சேர்த்து, நொடிக்கும் குறைந்த நேரத்தில் கொட்டும். விரலோடு போனால் தீக்காயம். ஒரு கையில் ஏறி மறு கை வழியாக இறங்கினால் நடுவில் இருப்பது நெஞ்சு. ஷாக் அடித்தபின் படபடப்போ, மயக்கமோ, நெஞ்சுவலியோ வந்தால் ‘சரியாயிடும்’ என்று உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இசிஜி எடுங்க. பழைய ஃப்ளாஷை வீட்டில் திறக்கவே திறக்காதீங்க.

12/ சரி, ஃப்ளாஷைத் தூக்கிப் போட்டுடணுமா? வேண்டாம். கேமராவில் மாட்டாமலே அதை அடிக்க வைக்கலாம். ஆப்டிகல் ஸ்லேவ் என்று குட்டியாக ஒன்று கிடைக்கும். வேறொரு ஃப்ளாஷின் வெளிச்சம் பட்டதும் இது பழையதை அடிக்க வைக்கும். கேமராவுக்கும் பழைய ஃப்ளாஷுக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லை. இரண்டு விஷயம் கவனிங்க. ஸ்லேவும் உங்கள் ஃப்ளாஷின் வோல்டேஜைத் தாங்கணும், வாங்கும்போதே கேளுங்க. கேமரா ஃப்ளாஷை மேனுவலில் வையுங்க. இல்லையென்றால் முன்னோட்டமாக வரும் மின்னலுக்கே பழையது அடித்துவிட்டு, படம் எடுக்கும்போது சும்மா இருக்கும்.

13/ பிறந்தநாளன்று அப்பாவின் ஃப்ளாஷை அலமாரி மேல் வைத்து, வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பினேன். அம்மா நாற்காலியில். ‘கீஈஈ’ சத்தம் கேட்டதும் அம்மா சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தச் சத்தத்துக்கு அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

14/ படம் நல்லா வந்திருக்கு. கேமராவும் நல்லா இருக்கு. பையனும் நல்லா இருக்கான். மாட்டுவதற்கு முன்னாடி அளந்து பாருங்க, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.