முழங்கைக்கு எதுக்கு ஹெல்மெட்?

நீங்களும் இதைச் செஞ்சிருப்பீங்க. வீட்டு வாசல்ல அம்மா பார்க்கிற வரைக்கும் ஹெல்மெட் தலையில இருக்கும். தெருமுனை தாண்டினதும் முழங்கைக்கு வந்துடும். போலீஸ் நிக்கிற சிக்னல் வந்தா மறுபடி தலைக்கு ஏறும். மூணு வருஷமா நான் இப்படித்தான் காலேஜ் வந்தேன்.

போன மாசம் கணக்குத் தப்பிடுச்சு. 1000 ரூபாய் இ-சலான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபருக்கு முன்னாடி இது வெறும் 100 ரூபாய். "பத்து மடங்கா? அநியாயம்!"னு கேன்டீன்ல புலம்பினேன். ஆனா வண்டி அப்பா பேர்ல இருக்கு. எஸ்எம்எஸ் நேரா அவர் போனுக்குப் போயிடுச்சு.

ராத்திரி திட்டு விழும்னு பயந்தேன். அப்பா சலான்ல இருந்த போட்டோவைப் பெருசாக்கிப் பார்த்தார். "முழங்கை உடைஞ்சா மாவுக்கட்டு போட்டுக்கலாம்டா"ன்னார். பணத்தைக் கட்டிட்டுப் படுக்கப் போயிட்டார்.

எனக்குத் தூக்கம் வரல. சட்டத்தைத் தேடிப் படிச்சேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129-ன்படி ஹெல்மெட் தலையில இருந்தா மட்டும் போதாது. ஸ்ட்ராப்பையும் இறுக்கி மாட்டணும். பின்னாடி உட்கார்றவங்களுக்கும் இதே விதிதான். மீறினா அபராதத்தோட லைசென்ஸும் மூணு மாசம் போகலாம். ஸ்ட்ராப் எதுக்குன்னு இன்ஜினியரிங் படிக்கிற நமக்குச் சொல்லணுமா? உள்ளே இருக்கிற தெர்மோகோல் நசுங்கித்தான் அடியை வாங்கிக்குது. விழும்போது ஹெல்மெட்டே கழண்டு பறந்துட்டா, அடியைத் தலைதான் வாங்கணும்.

இப்போ என் வண்டியில ரெண்டு ஹெல்மெட் இருக்கு. ரெண்டாவது, லிஃப்ட் கேக்கிறவங்களுக்கு. முடி கலையும்னு சொன்னா பஸ்ல வாங்க.

அந்த ஆயிரத்தை அப்பா இன்னும் திருப்பிக் கேக்கல.