பட்டியலில் இல்லாத ஊர்



ஊரப்பாக்கத்தில் ஒரே பள்ளிவாசலில் தொழுகின்ற நண்பர்கள் நாங்கள் நால்வர். ஒருவர் கூடுவாஞ்சேரியில் துணிக்கடை நடத்துபவர். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் சிறுசேரியில் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றுபவர். மற்றவர் தாம்பரத்தில் பைக் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். ஏலகிரிக்கும் கொல்லிமலைக்கும் பைக்கில் சென்று வந்த பழக்கம் எங்களுக்கு உண்டு. சென்ற கோடை விடுமுறையில் கடல் கடந்து இலங்கைக்குச் செல்வதென முடிவு செய்தோம்.

நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டு, சிறிது காலம் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய செய்தியே எங்கள் ஆசைக்கு வித்தாக அமைந்தது. கடலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கப்பலில் பைக்கை ஏற்ற இயலாது. ஆகவே எங்கள் வண்டிகளை நாகப்பட்டினத்தில் விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் வாடகை வண்டி எடுப்பது எங்கள் திட்டம்.

இஷாத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பார்க்க வேண்டிய இடங்களை எழுதினோம். யாழ்ப்பாணக் கோட்டை, பருத்தித்துறை, நயினாதீவு, அநுராதபுரம், சீகிரியா, பொலன்னறுவை, திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டை, நிலாவெளிக் கடற்கரை, புறாத்தீவு, கன்னியா வெந்நீர் ஊற்று, பாசிக்குடா, மட்டக்களப்புக் கல்லடிப் பாலம், காத்தான்குடி, கண்டி, நுவரெலியா, காலி எனப் பட்டியல் 23 இடங்களுக்கு நீண்டது. கையில் இருந்ததோ பத்து நாள்கள்.

வீட்டில் கிடைத்த முதல் கேள்வி வேறு. ஆசிரியர் நண்பரின் மனைவி கேட்டார்: "விடுமுறையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறீர்கள். போகட்டும். இந்தப் பயணத்துக்கு நிய்யத் என்ன?" அவரால் உடனே விடை கூற முடியவில்லை. மறுநாள் திண்ணையில் அந்தக் கேள்வியை எங்கள் முன் வைத்தார். எங்களிடமும் விடை இல்லை. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பார்த்துச் சிந்திக்குமாறு திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கிறது என்று ஒருவர் கூறினார். அது உண்மைதான். ஆயினும் எங்கள் பட்டியலை எழுதியபோது அந்த எண்ணம் எங்களுள் எவருக்கும் இருக்கவில்லை என்பதும் உண்மை. கைப்பேசியில் கண்ட காணொளிகளைத்தான் நாங்கள் காகிதத்தில் ஏற்றியிருந்தோம்.

அதன் பின்னரே திட்டம் ஒழுங்கு பெறத் தொடங்கியது. முதலில் பருவம். மே மாத இறுதியில் தென்மேற்குப் பருவமழை இலங்கையின் மேற்குக் கரையையும் மலைநாட்டையும் நனைக்கத் தொடங்கிவிடும். வடக்கும் கிழக்கும் அப்போது வறண்டு வெயிலாக இருக்கும். ஆகவே காலி, நுவரெலியா, கண்டி ஆகிய மூன்றையும் நீக்கினோம். அடுத்து ஆவணம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1000 ரூபாய் கட்டணம் செலுத்திப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெற்றோம்; அது ஓராண்டு செல்லும். இலங்கையிலும் அதற்குரிய ஒப்புதலைப் பெற்ற பிறகே வண்டியைத் தொட வேண்டும் என்று உறுதி செய்துகொண்டோம். சாலையின் இடப்பக்கம் செல்வது அங்கும் வழக்கமாதலால் ஓட்டுவதில் குழப்பமில்லை.

பிறகு தொழுகை. இங்குதான் எங்களுக்குள் முதல் வாக்குவாதம் எழுந்தது. எங்களில் இருவர் ஷாஃபி மத்ஹபினர், இருவர் ஹனஃபி மத்ஹபினர். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுவதில் வேறுபாடில்லை. லுஹரையும் அஸரையும் ஒரே நேரத்தில் இணைத்துத் தொழுவது ஷாஃபி மத்ஹபில் பயணிக்கு அனுமதிக்கப்பட்டது. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அன்றி அந்த வழக்கமில்லை. "இணைத்துத் தொழுதால் பிற்பகல் முழுவதும் நிற்காமல் ஓட்டலாம்" என்றார் கணினி நண்பர். "நாங்கள் இருவர் மட்டும் அஸருக்கு நின்றால் நீங்கள் முன்னால் போய்விடுவீர்களா?" என்று பட்டறை நண்பர் திருப்பிக் கேட்டார்.

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். அதன்படி ஆசிரியரை அமீராக ஏற்றோம். அவர் இரண்டு முடிவுகளைக் கூறினார். ஒவ்வொரு தொழுகைக்கும் அதனதன் நேரத்தில் நிற்போம். அதனால் எவருக்கும் இழப்பில்லை, முதுகுக்கும் ஓய்வு. மஃரிபுக்கு முன் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுவோம். அநுராதபுரம், ஹபரணை, திருகோணமலைப் பக்கத்துக் காட்டுச் சாலைகளில் மாலை மங்கியதும் யானைகள் குறுக்கிடுவது வழக்கம். தொழுகை நேரம் எங்களைக் கட்டுப்படுத்துவதாக முதலில் எண்ணியவர்களுக்கு, அது எங்கள் உயிர்க் காவலாகவும் அமைந்திருப்பது புரிந்தது.

நிற்க வேண்டிய இடங்களைத் தொழுகை நேரத்தை வைத்துக் குறித்தபோது பட்டியல் தானாகச் சுருங்கி 11 ஆயிற்று. அதனை இறுதி செய்த நாளில்தான் துணிக்கடை நண்பரின் தந்தையார் எங்களை அழைத்தார்.

அவரை நாங்கள் அனைவரும் மாமா என்றே அழைப்போம். வயது 74. திருச்சி ஜமால் முகமது கல்லூரியில் 1970களின் தொடக்கத்தில் படித்தவர். விடுதியில் அவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தவர் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவைச் சேர்ந்தவர். படிப்பு முடிந்தபின் இருவரும் ஆண்டுதோறும் கடிதம் எழுதிக்கொண்டனர். 1990ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு வந்த வாழ்த்தே கடைசி. அதன்பின் மாமா எழுதிய எதற்கும் பதில் வரவில்லை.

"முப்பத்தைந்து வருசம் ஆச்சே வாப்பா, யாரைப் போய்க் கேட்பது?" என்றார் மகன்.

"கேட்டா என்ன குறைஞ்சு போகுது? ஒருத்தரும் தெரியலேன்னு சொன்னா, அந்தத் தெருப் பள்ளியில ரெண்டு ரக்அத் தொழுது அவருக்காக துஆ செஞ்சிட்டு வாங்க" என்றார் மாமா. அடையாளம் காட்டுவதற்காக விடுதி வாசலில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தையும் கொடுத்தனுப்பினார். அதில் இருபது வயது இளைஞர்கள் ஆறு பேர்; இடமிருந்து இரண்டாமவர் அந்த நண்பர்.

ஒரு வியாழக்கிழமை சுப்ஹுக்குப் பின் பயண துஆ ஓதிப் புறப்பட்டோம். திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் வழியாக நாகப்பட்டினம். அங்கே இரவு தங்கி மறுநாள் கப்பலேறினோம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வண்டி வாடகைக்குக் கொடுத்தவர் ஓர் இந்துத் தமிழர். சோனகத் தெருவுக்கு வழி கேட்டதும் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நானே கூட்டிக்கொண்டு போறன், வாங்கோ" என்று முன்னால் சென்றார்.

அந்தத் தெருவில் புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு நடுவே கூரையற்ற சுவர்களும் நின்றன. சில வீடுகளின் கூடத்தில் மரம் முளைத்திருந்தது. அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் ஒரு முதியவரிடம் படத்தைக் காட்டினோம். அவர் படத்தைப் பார்ப்பதற்கு முன் நடந்ததைச் சொன்னார். 1990 அக்டோபர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, உஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் முஸ்லிம்களைக் கூட்டி, இரண்டு மணி நேரத்திற்குள் ஊரைவிட்டு வெளியேறுமாறு ஆணையிட்டனர். பணமும் நகையும் வீட்டுப் பொருள்களும் எடுத்துச் செல்ல விடவில்லை. அந்த அக்டோபரில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். மிகப் பலர் புத்தளத்தில் ஓலைக் குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். "பக்கத்து வீட்டுத் தமிழ்ச் சனம் அழுதுகொண்டு நின்றது. அவையாலயும் ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு" என்றார். வாசலில் நின்ற வண்டிக்காரர் தலை குனிந்திருந்தார்.

பிறகு படத்தை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். ஆளைத் தெரிந்தது. புத்தளத்தில் 2011ஆம் ஆண்டு மௌத்தாகிவிட்டார் என்றும், மனைவியும் மகனும் அங்கேயே இருக்கிறார்கள் என்றும் கூறி, மகனின் எண்ணைத் தேடிக் கொடுத்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன் என்றோம். அன்றிரவு மாமாவிடம் தொலைபேசியில் தெரிவித்தோம். நெடுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

மறுநாள் எங்களிடையே இரண்டாவது வாக்குவாதம். அடுத்து நாங்கள் செல்லவேண்டியது அநுராதபுரம். அதன்பின் சீகிரியா, திருகோணமலை, புறாத்தீவு. புத்தளம் எங்கள் பாதையிலேயே இல்லை. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வழியாகத் திருகோணமலை வரை செல்வது ஏ12 என்னும் ஒரே சாலை. அநுராதபுரத்தில் கிழக்கே திரும்பினால் திருகோணமலை. மேற்கே திரும்பினால் 75 கிலோமீட்டரில் புத்தளம். அங்கே போய்த் திரும்பினால் ஒரு முழு நாள் கழியும். சீகிரியாவும் புறாத்தீவும் கைவிட்டுப் போகும். சீகிரியாவைக் காணவே வந்தவர் எங்கள் கணினி நண்பர். "செய்தியைத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. மௌத்தானவரை இனிப் பார்க்கவா போகிறோம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. அமீர் கட்டளையிடவில்லை. அந்தக் குடும்பத்தாரிடம் பேசிப் பார்ப்போம் என்றார். மகன் தொலைபேசியில், "உம்மா உங்களைப் பார்க்க ஆசைப்படுறா" என்றார். நாங்கள் மேற்கே திரும்பினோம். கணினி நண்பர் முகம் சுளித்தபடியே வந்தார் என்பதையும் இங்கே மறைக்காமல் எழுதுமாறு அவரே கூறியிருக்கிறார்.

புத்தளத்தில் மழை இல்லை. உப்பளங்களின் வெண்மையும் தெருக்களில் திரியும் கழுதைகளும் எங்களை வரவேற்றன. அது சிறிய வீடு. அந்தத் தாயாருக்கு எழுபது வயதிருக்கும். நாங்கள் படத்தை நீட்டியபோது அவர் வாங்கவில்லை, மகனைப் பார்த்தார். மகன்தான் விளக்கினார். வெளியேற்றப்பட்ட நாளில் அவர்களிடம் இருந்த படங்கள் யாவும் யாழ்ப்பாணத்து வீட்டிலேயே போயின. திருமணப் படம் முதற்கொண்டு எதுவும் இல்லை. தம் தந்தையின் இளமை முகத்தைத் தாம் பார்த்ததில்லை என்றார். தாயார் படத்தைக் கையில் வாங்கி, இடமிருந்து இரண்டாமவர் மேல் விரலை வைத்தார். "இவர்தான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. காணொளி அழைப்பில் மாமாவைக் காட்டினோம். படம் அங்கேயே இருக்கட்டும் என்று மாமா சொன்னார்.

அன்று மாலை கடலேரிக் கரையில் அமர்ந்திருந்தபோது ஆசிரியர் இப்னு பதூதாவைப் பற்றிக் கூறினார். 1344ஆம் ஆண்டு அவர் மாலத்தீவிலிருந்து வந்து இறங்கியது இந்தப் புத்தளத்தில்தான். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதம் பதிந்ததாக நம்பப்படும் மலையைக் காண வேண்டும் என்பதன்றித் தமக்கு வேறு விருப்பமில்லை என்றார். அரசர் துணையாள்களைக் கொடுத்து அனுப்பினார். உலகெலாம் சுற்றியவர் இத்தீவுக்கு ஒரே ஒரு விருப்பத்துடன் வந்திருக்கிறார். நாங்கள் 23 விருப்பங்களோடு வந்தோம்.

மீதிப் பயணத்தைச் சுருக்கமாகவே கூறுகிறோம். திருகோணமலையில் ஓர் இரவு. அங்கிருந்து 130 கிலோமீட்டர் தெற்கே மட்டக்களப்பு. அதனை அடுத்துக் காத்தான்குடி. சாலை நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் அழகிய ஊர். 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் இஷாத் தொழுகையில் நின்றிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கு இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். எங்கள் பட்டியலில் இவ்வூர் 'காண வேண்டிய இடம்' என்றே எழுதப்பட்டிருந்தது. குண்டு துளைத்த சுவரின் முன் நின்றபோது கைப்பேசியை எடுக்க எவருக்கும் கை வரவில்லை. இஷாவை அங்கே ஜமாஅத்துடன் தொழுதோம். ஷஹீதுகளுக்காக துஆ செய்தோம்.

திரும்பும் வழியில் ஹபரணைச் சந்தியில் சீகிரியாவுக்கு வழிகாட்டும் பலகையைக் கண்டோம். மஃரிபுக்குள் அநுராதபுரம் சேர வேண்டும். கணினி நண்பர் வண்டியை நிறுத்தாமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுச் சென்றார். ஊர் திரும்பியபின் ஒருநாள் திண்ணையில், தமக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கிறதென்றும், புத்தளத்துக்குப் போகாதிருந்தால் இதைவிடப் பெரிய வருத்தம் இருந்திருக்கும் என்றும் கூறினார்.

பயணம் திட்டமிடும் சகோதரர்களுக்கு நாங்கள் கற்றதைக் கூறுவது கடமை. வெளிநாடு செல்வோர் முதலில் பருவத்தைப் பாருங்கள். ஆவணங்களை முறையாகப் பெறுங்கள். நிற்கும் இடங்களைத் தொழுகை நேரத்தோடு பொருத்துங்கள். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் எழுதாதீர்கள். ஒரு நாளை முழுவதும் வெறுமையாக விடுங்கள். புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களிடம், "அந்த ஊரில் உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்கவில்லை. மாமா தாமாக அழைத்திராவிட்டால் அந்தப் படம் இன்றும் ஊரப்பாக்கத்தில் ஓர் அலமாரியில் இருந்திருக்கும்.

பயணம் சிரமத்தின் ஒரு பகுதி, தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. பத்தாம் நாள் இரவு வீடு வந்து சேர்ந்தபோது ஆசிரியரின் மனைவி பயணத்தின் நிய்யத்தைப் பற்றி மீண்டும் கேட்கவில்லை. நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த உம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதலாமா?" என்றார்.

கடிதம் சென்றிருக்கிறது. பதிலும் வந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஊரை இழந்தவர்களுக்கு அல்லாஹ் அமைதியை அளிப்பானாக. நம் பயணங்களை நன்மையானவையாக ஆக்குவானாக. ஆமீன்.